திரைக்குப் பின்னால் ஒருவர் தூங்குகிறார்

"சார், டீ சொல்லட்டுமா?"

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தொங்கிய திரைக்குள்ளிருந்து பதில் இல்லை.

"சார்..."

இல்லை.

மாப்பிள்ளைக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. காலையில் டீசல் போட்டுவிட்டுக் கிளம்பியதிலிருந்து, ஓட்டச் சொல்லித்தரும் வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. "கண்ணாடியப் பாருங்க" இல்லை. "கியர் கதறுது" இல்லை. "பிரேக்! பிரேக்!" இல்லை. மாப்பிள்ளை பாலத்தில் ஏறினான், இறங்கினான், ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டான், அதே பஸ்ஸைப் பிறகு முந்தினான். பிறந்ததிலிருந்து இவ்வளவு நன்றாக லாரி ஓட்டியதில்லை. பார்த்துப் பாராட்ட ஆள் விழித்திருக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, எழுப்பித் திட்டு வாங்குவதா, எழுப்பாமல் திட்டு வாங்குவதா என்று யோசித்தான். எழுப்புவது என்று முடிவு செய்து திரையை விலக்கினான்.

தலையணை இருந்தது. போர்வை இருந்தது. ஆணியில் தொப்பி இருந்தது. வாத்தியார் இல்லை.

மேல் பலகையைப் பார்த்தான். அது அவனுடைய படுக்கை, வாத்தியார் அதில் ஏற மாட்டார். இருந்தாலும் பார்த்தான். கீழ்ப் படுக்கைக்கு அடியில் பார்த்தான். காகிதங்கள் வைக்கும் சின்ன அறையைத் திறந்துகூடப் பார்த்தான். ஆள் தொலையும்போது புத்தியும் துணைக்குப் போய்விடுகிறது.

வாத்தியாரின் பை அங்கேயே இருந்தது. ஷூ அங்கேயே இருந்தது. ரப்பர் செருப்பை மட்டும் காணோம்.

மாப்பிள்ளைக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. தனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவரை டீசல் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு, பாதி தூரம் வந்தாகிவிட்டது.

அவன் எல்லோருக்கும் மாப்பிள்ளை ஆன கதை சின்னது. வேலையில் சேர்ந்த முதல் நாள், கம்பெனி வாசலில் நின்றபோது மாமனார் போன் செய்தார். அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. "மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?" என்று அவர் அங்கே கேட்டது இங்கே வாசல்வரை கேட்டது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டே, "வாங்க மாப்பிள்ளை" என்றார். அன்றோடு அவன் பெயர் அடங்கிவிட்டது.

மாமனாருக்குக் குளியலறைச் சாமான் கடை. அங்கே கமோடு வரிசைக்கும் வாஷ்பேசின் வரிசைக்கும் நடுவில் ஒரு நாற்காலியில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தான். வாடிக்கையாளர் வந்தால், "மாப்பிள்ளை, அந்த மூடியத் தூக்கிக் காட்டுங்க" என்பார் மாமனார். தூக்கிக் காட்டுவான். "இப்ப இறக்குங்க." இறக்குவான். ஒரு நாள் மூடியை இறக்கிவிட்டு நேராகப் போய் லாரி லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தான். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன் நாட்டைச் சுற்ற ஆசைப்பட்டால் மாமனார் சும்மா இருப்பாரா? "ஒரு மாசம் தாங்க மாட்டார்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, அந்த நாற்காலியை எடுக்காமல் வைத்திருந்தார். தினமும் அவரே துடைக்கிறாராம்.

கம்பெனி விதிப்படி, புதிதாக வந்தவன் ஒரு மாதம் பயிற்சியாளரோடு ஒரே லாரியில் ஓட்டி, ஒரே லாரியில் தின்று, ஒரே லாரியில் தூங்க வேண்டும். முடிவில் பயிற்சியாளர், "இவரைத் தனியா விடலாம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் சொந்தமாக ஒரு வண்டி. சொல்லாவிட்டால் நாற்காலி.

பயிற்சியாளருக்கு மாப்பிள்ளையைவிட எட்டு வயது குறைவு. ஊரே வாத்தியார் என்றது.

லாரியின் முன்புறம், இரண்டு இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை. மாமனார் கடையில் இதைவிடப் பெரிய குளியல் தொட்டிகள் இருந்தன. கழிப்பறை கிடையாது. ஒன்பது வருஷம் கழிப்பறை விற்றவனுக்குக் கடவுள் வைத்த கணக்கு அது.

வாத்தியாரின் சட்டங்கள் பல. ஷூவோடு உள்ளே ஏறக்கூடாது. உள்ளே சாப்பிடக்கூடாது. ஈரத் துண்டை ஸ்டியரிங்கில் போடக்கூடாது. இவற்றில் தலையாயது தொப்பிச் சட்டம்.

"நான் கீழ இறங்கினா, என் தொப்பிய உங்க சீட்டுல வெச்சிட்டுத்தான் இறங்குவேன். சீட்டுல தொப்பி இருந்தா வண்டி நகரக்கூடாது. தொப்பி இல்லைன்னா நான் உள்ள தூங்கறேன்னு அர்த்தம். புரிஞ்சுதா?"

"ஒரு குரல் கொடுத்தாப் போதாதா சார்?"

"தூங்கறவனை எழுப்பறதுக்கா இந்தச் சட்டம்? தூக்கம்தாங்க இந்தத் தொழில்ல சாமி."

சாமி பக்தி அதிகம்தான். ராத்திரி ஆனால் லாரியே அதிரும். குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை இல்லை. மரம் அறுப்பது போல் தொடங்கி, நடுவில் ரம்பம் மாட்டிக்கொண்டு, பிறகு மரமே விழும். அந்த விழும் சத்தத்தில் மாப்பிள்ளை திடுக்கிட்டு விழிப்பான். அவன் விழித்ததும் சத்தம் நின்றுவிடும். கீழே வாத்தியார் பெருமூச்சு விட்டுப் புரண்டு படுப்பார். சில ராத்திரிகளில் எழுந்து கீழே இறங்கி, டார்ச் அடித்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வண்டியைச் சுற்றுவார். குறட்டையும் விட்டுவிட்டு, டயர் மேல் அக்கறை உள்ளவர் மாதிரி நடிப்பு வேறு.

ஒரு காலையில் மாப்பிள்ளை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தான். "ராத்திரி பூரா ஒரே சத்தம் சார்."

வாத்தியார் அவனையே வெகுநேரம் பார்த்தார். "எனக்கும்தான் கேட்டுச்சு" என்றார்.

குற்றமுள்ள நெஞ்சு இப்படித்தான் குறுகுறுக்கும் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டான். அன்று ராத்திரியே, சாட்சி இருக்கட்டும் என்று போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டுத் தூங்கினான். காலையில் கேட்டால், காடே காலி. மனைவிக்கு அனுப்பினான். 'இதோடுதான் வாழ்கிறேன்' என்று எழுதினான்.

கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் ஒரு வரிசை வந்தன. கீழே, 'எனக்கு இது புதுசா?' என்று ஒரு வரி.

மாமனாரும் இப்படித்தான் குறட்டை விடுவார் போலிருக்கிறது, மகள் படும் கஷ்டம் அவளுக்குத்தானே தெரியும் என்று அவன் பரிதாபப்பட்டான்.

இதெல்லாம் போதாதென்று, கொஞ்ச நாளாக வாத்தியார் பகலிலும் தூங்க ஆரம்பித்திருந்தார். ராத்திரி தூங்கியவருக்குப் பகலிலும் தூக்கம். சிலருக்கு அப்படி ஒரு ஜாதகம்.

இப்போது அந்த ஜாதகக்காரர் நடுவழியில் செருப்போடு நிற்கிறார்.

தொப்பி சீட்டில் இல்லை. அதை மாப்பிள்ளை சத்தியம் செய்து சொல்வான். முகம் கழுவிவிட்டு வந்து ஏறியபோது சீட்டு காலி. சட்டம் போட்டவரே சட்டத்தை மறந்துவிட்டார். ஆனால் மறந்தவர்தான் மார்க்கும் போடுவார்.

வாத்தியாருக்குப் போன் செய்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சார்ஜும் போய், அரை டிராயரோடு, அநாதையாக... மாப்பிள்ளையின் கண் முன்னால் நாற்காலி வந்தது. பளபளவென்று துடைத்திருந்தது.

போன் அடித்தது. ஆபீஸ் அக்கா. எந்த வண்டி எங்கே என்று பார்ப்பது அவர் வேலை.

"மாப்பிள்ளை, வாத்தியார் போன் ஆஃப்ல இருக்கு. அவர்கிட்ட குடுங்க."

"தூங்கறார் அக்கா."

வாயிலிருந்து தானாக வந்தது. உண்மையைச் சொல்ல யோசிக்க வேண்டும், பொய்க்கு அந்தச் சிரமம் இல்லை.

"எழுப்புங்க."

"நல்ல தூக்கம் அக்கா."

"நிஜமாவே தூங்கறாரா? வண்டி நிக்கற மாதிரி இருக்கு, ஒரு சத்தத்தையும் காணோமே?"

மாப்பிள்ளை ஒலிப்பதிவைத் தேடித் தட்டினான். ரம்பம் கிளம்பியது.



"அய்யோ சாமி" என்றார் ஆபீஸ் அக்கா. "இதோடவா ஒரு மனுஷன் ஒரே வண்டியில இருக்கறது?"

"என்ன அக்கா பண்றது. நம்ம தலையெழுத்து."

"சரி சரி, தூங்கட்டும். சாயங்காலத்துக்குள்ள வண்டி இங்க வந்துடணும்."

தப்பித்தோம் என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் அடுத்த தப்பு தயாராக நின்றது. திரும்பிப் போய் வாத்தியாரை ஏற்றிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் லாரி என்பது ஸ்கூட்டர் இல்லை. திரும்ப இடம் தேடி ஒரு கிளைச் சாலையில் இறங்கினான். கிளைச் சாலை தெருவானது. தெரு சந்தானது. சந்தின் முடிவில் ஒரு வீட்டு இரும்புக் கேட் அவனை மூக்குக்கு நேராகப் பார்த்தது.

பின்னால் எடுத்தான். ஏதோ உருண்டது. குப்பைத்தொட்டி. மறுபடி எடுத்தான். கொடிக்கயிறு ஒன்று அறுந்து, கண்ணாடிக்கு வெளியே யாருடைய லுங்கியோ கொடியாகப் பறந்தது.

ஒரு பெண்மணி சோப்பு நுரைக் கையோடு வெளியே வந்தார்.

"யோவ்! இது என்ன உங்க அப்பன் வீட்டு மைதானமா?"

"மன்னிச்சுக்கங்க அக்கா. வழி தெரியாம..."

"பின்னாடி பாத்துச் சொல்ல ஆள் இல்லியா?"

"வாத்தியார் இருக்கார். தூங்கறார்."

"நான் உருட்டின அரிசி டப்பாவுக்கே எங்க மாமியார் எழுந்துக்கறாங்க. தெருவையே உருட்டியிருக்க, தூங்கறாரா?" அவர் கதவை ஓங்கித் தட்டினார். "யோவ் வாத்தியாரோ கீத்தியாரோ! எழுந்திருய்யா!"

மாப்பிள்ளை குனிந்து போனைத் தட்டினான். மரம் அறுபட்டது.

பெண்மணி கையை எடுத்துவிட்டார். "இது தூக்கமில்ல, வியாதி" என்றார். "பாவம் நீ. வா, வா, வலது பக்கம் ஒடி... இன்னும் ஒடி... அட, ஒடிக்கச் சொன்னா ஒடி, சாமி கும்பிடற மாதிரி தடவாத!"

அவர் சொன்னபடி சொன்ன இடத்தில் ஒடித்தான். லாரி மெயின் ரோட்டுக்கு வந்தது. ஒரு மாதத்தில் வாத்தியார் சொல்லித் தராத ரிவர்ஸை, லுங்கியைத் திருப்பி வாங்கிக்கொண்ட அந்த அம்மாள் முடித்துக் கொடுத்துவிட்டார்.

டீசல் போட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தான். வாத்தியார் அங்கே இல்லை. டீசல் பிடிக்கும் ஆளிடம் கேட்டான்.

"ரப்பர் செருப்பு, அரை டிராயர். அவர்தானே? ஓடினாரே!"

"ஓடினாரா? எங்க?"

"நீங்க முகம் கழுவப் போனீங்க பாருங்க, அப்ப குதிச்சு ஓடினார். நீங்க வண்டிய எடுத்துட்டுப் போனதும், பின்னாடியே உங்க கம்பெனி லாரி இன்னொண்ணு கிளம்புச்சு. அதுல தொத்திக்கிட்டார்."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"'எடு எடு, சீக்கிரம் எடு'ன்னு அந்த டிரைவர்கிட்ட கத்தினார்."

"கோவமாவா?"

"கோவமோ என்னமோ, கண்ணு ரெண்டும் மிளகாப் பழம் மாதிரி இருந்துச்சு."

மாப்பிள்ளை கணக்குப் போட்டான். வேறு வண்டி பிடித்துத் தன்னைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறார். துரத்தியவர் முன்னால், துரத்தப்பட்டவன் பின்னால். உலகத்தில் வேறு யாருக்கும் வாய்க்காத ஓட்டப்பந்தயம்.

மறுபடி வண்டியைத் திருப்பினான். இந்தத் தடவை எதையும் உருட்டவில்லை. பயத்தில் கை ஒழுங்காக வேலை செய்தது. சரியான கியர், சரியான வேகம், இரண்டு கண்ணாடியிலும் மாறி மாறிக் கண். கண்ணாடியில் கம்பெனி வண்டி எதைப் பார்த்தாலும் அதில் இரண்டு மிளகாய்ப் பழம் தெரிந்தது.

சோதனைச் சாவடி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். வண்டியின் காகிதத்தில் இரண்டு டிரைவர். வண்டியில் ஒன்று. ஓரங்கட்டிவிட்டு வேலையில் இறங்கினான். வாத்தியாரின் பையைப் படுக்கையில் நீளவாக்கில் வைத்தான். மேலே போர்வை. தலைக்குத் தலையணையை மடித்து, முகத்தை மூடுவது போலத் தொப்பியைக் கவிழ்த்தான். தொப்பிக்கு அடியில் போனை வைத்து ரம்பத்தை ஓடவிட்டான். ஒரிஜினல் வாத்தியாரைவிட இவர் அமைதியாகப் பழகுவார் போலிருந்தது.

சாவடியில் அதிகாரி படியில் ஏறி எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேர்னு போட்டிருக்கு?"

"ஒருத்தர் தூங்கறார் சார்."

அதிகாரி திரையை விலக்கினார். குறட்டை அவர் முகத்தில் அடித்தது.

"என்னய்யா இது, இப்படி?"

"பழகிடுச்சு சார்."

சட்டென்று ரம்பம் நின்றது.

அதிகாரியின் புருவம் ஏறியது. "நின்னுடுச்சு?"

தொப்பிக்குள் மணி அடித்தது. மாப்பிள்ளை பாய்ந்து தொப்பிக்குள் கையை விட்டான். அணைக்கப் போன விரல் வியர்வையில் வழுக்கி, அழைப்பை எடுத்துவிட்டது.

"மாப்பிள்ளை!" என்றது தொப்பி. "ஊர் சுத்தினது போதாதா? நேரத்துக்குச் சாப்பிடறதில்ல, சொன்ன பேச்சு கேக்கறதில்ல! ஒழுங்கா எப்ப வந்து கடையில உக்காரப் போறீங்க?"

மாப்பிள்ளை தொப்பியை அமுக்கினான். குரல் அடங்கியது.

அதிகாரி போர்வையைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"மாமனாரா?"

அன்றைக்கு முதல்முறையாக மாப்பிள்ளை உண்மையைச் சொன்னான். "ஆமா சார்."

"வேலை செய்யற இடத்துக்கும் கூடவே வர்றாரா?"

"ஒன்பது வருஷமா சார்."

அதிகாரி திரையைச் சத்தம் வராமல் மூடினார். படியிலிருந்து இறங்கி, கீழே நின்று அவன் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார். "எனக்கும் ஒருத்தர் இருக்கார் தம்பி. நீங்க போங்க. பள்ளம் மேடு பாத்துப் போங்க. எழுந்துடப் போறார்."

மிச்ச வழி முழுக்க மாப்பிள்ளை ஒப்புதல் வாக்குமூலம் தயாரித்தான். 'சார், தொப்பி சீட்டுல இல்ல சார்' என்று தொடங்கினால் குற்றம் அவர் மேல் போகும். 'சார், நான்தான் பாக்காம விட்டுட்டேன்' என்று தொடங்கினால் நாற்காலி. கடைசியில், காலில் விழுந்துவிட்டுப் பிறகு வாக்கியம் அமைக்கலாம் என்று முடிவானது.

மாலை வெயில் சாயும்போது கம்பெனி வாசலுக்கு வந்தான். உள்ளே வாத்தியார் ஏறிக்கொண்ட அந்த இன்னொரு லாரி நின்றது. என்ஜின் ஆறி வெகுநேரம் ஆனது போலிருந்தது. மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினான். கோட்டுக்குள், ஒரே எடுப்பில், நூல் பிடித்த மாதிரி நின்றது. பார்க்க இப்போதும் ஆள் இல்லை.

தொப்பியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வாத்தியாரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாட்ச்மேன் அறைக்கு நடந்தான்.

வாட்ச்மேன் வாசலிலேயே மறித்தார். உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா, மாப்பிள்ளை. இப்பதான் கண்ணசந்தார்."

உள்ளே பெஞ்சில் வாத்தியார் கிடந்தார். அதே அரை டிராயர். ஒரு காலில் செருப்பு. கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, வாயை மூடி, பால் குடித்த குழந்தை மாதிரி.

"ரொம்பக் கோவமா வந்தாரா?"

"வந்ததும் ஆபீஸுக்குப் போனார். உங்களைப் பத்தித்தான் பேசினார். அப்புறம் இங்க வந்து விழுந்தார்."

முடிந்தது. நாளைக் காலையில் மூடியைத் தூக்க வேண்டியதுதான்.

வாட்ச்மேன் சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவன் ஏந்தியிருந்த தொப்பிக்குள் போட்டார். லாரிச் சாவி. புதுசு.

"இது என்னங்க?"

"உங்க வண்டி. நாளையிலிருந்து தனியா ஓட்டலாமாம்."

மாப்பிள்ளை சாவியைப் பார்த்தான். வாத்தியாரைப் பார்த்தான். பெஞ்சில் சத்தமே இல்லை. எந்த நேரமும் மரம் அறுபடும் என்று காத்திருந்தான். மார்பு ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

"என்னங்க, குறட்டையே வரல? சாருக்கு உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

வாட்ச்மேன் அவனை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"அவர் எப்பங்க குறட்டை விட்டார், நீங்க விடற குறட்டைக்குப் பயந்துதானே, தொப்பிய வெச்சா நீங்க காத்திருப்பீங்கன்னு வெக்காம இறங்கி ஓடி வந்து, 'வண்டி பிரமாதமா ஓட்டறார், இனிமே அவரைத் தனியா விடுங்க, தனியா மட்டும் விடுங்க'ன்னு ஆபீஸ்ல கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் படுத்திருக்கார்!"